யாழ்ப்பாணத்துக்குப் போக்குவரத்துத் திட்டம் எழுதலாம், நடைபாதையை யார் போடுவது?

ஒழுங்கைவாசி | பெப்ரவரி 4, இரவு 9.10

நிலைபேறான நகரப் போக்குவரத்துத் திட்டம் எண்டு ஐரோப்பாக்காரர் ஒரு முறை வைச்சிருக்கினம். நாலு கட்டம், பன்னிரண்டு படி. என்ர எண்ணம் இதுதான்: எங்கட ஊருக்கு அது சரிவராது. வீதி ஒடுக்கம், காசு இல்லை, அகலிக்கிறதெண்டால் ஒருத்தரும் மதிலை உடைக்க விடமாட்டினம். பஸ் ஸ்ராண்டிலயிருந்து பெரியாஸ்பத்திரிக்கு ஒரு வயசுபோன ஆள் றோட்டில இறங்காமல் நடந்துபோக ஏலாது. அதைச் செய்யாமல் பன்னிரண்டு படியை வைச்சு என்ன செய்யிறது? வேலை தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

மட்டக்கோல் | பெப்ரவரி 4, இரவு 11.40

அந்த முறை 2013இல் ஐரோப்பிய ஆணையம் முன்வைத்தது. வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பு 2019இல் வந்தது, நீங்கள் சொல்லும் பன்னிரண்டு படிகள் அதில்தான் உள்ளன. வீதி அகலிக்கும் திட்டம் என்று நினைப்பது பிழை. இருக்கிற அகலத்தை யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பதுதான் அதில் முக்கால்வாசி வேலை. மதில் உடைக்கத் தேவையில்லை.

எட்டாவது படியைப் பாருங்கள்: எந்த வேலை, யார் பொறுப்பு என்று ஒத்துக்கொள்வது. திட்டங்கள் படுத்துக்கொள்கிற இடம் அதுதான். A, B தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு. C, D தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்சம் மாநகரசபைக்கு. ஒரே சந்தியில் இந்த மூன்றும் சந்திக்கும். மேலே மின்கம்பம் மின்விநியோகம் செய்பவருக்கு, கீழே குழாய் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு, மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸின் அனுமதி மாகாணப் போக்குவரத்து அதிகாரசபைக்கு, மாகாணம் தாண்டினால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்கு. மஞ்சள் கோட்டில் நிறுத்தினவருக்குத் தண்டம் எழுதுவது பொலிஸ்.

ஆகவே முதல் ஆவணம் கனவு வரைபடம் இல்லை. 100 மீற்றருக்கு ஒரு தாள். மதிலிலிருந்து எதிர் மதில் வரை அளந்து, ஒவ்வொரு துண்டுக்கும் அகலம், உரிமை, பராமரிப்புப் பணம் எந்தத் தலைப்பில் வருகிறது, இப்போது அதில் என்ன நிற்கிறது என்று நாலு நிரல். இரண்டு பேர், ஒரு 30 மீற்றர் நாடா, ஒரு நாளில் ஒரு கிலோமீற்றர் முடியும். பராமரிப்பு நிரலில் வெறுமையாகக் கிடக்கும் துண்டுதான் இரண்டு வருடத்தில் உடைந்து கிடக்கப்போகும் துண்டு.

மட்டக்கோல் | பெப்ரவரி 5, காலை 6.20

நடைபாதைக்கு வருகிறேன். எங்களுடைய நகரத்தில் நடைபாதை என்பது கானின், அதாவது வீதியோர வடிகாலின், மேல் மூடிதான். ஆகவே கேள்வி நடைபாதையைப் பற்றியது என்பதைவிட மூடியைப் பற்றியது.

900 × 600 × 100 மி.மீ. மூடி ஒன்று 130 கிலோ வரும். கான் துப்புரவாக்க வருகிற இரண்டு தொழிலாளர் அதைத் தூக்க முடியாது. அலவாங்கு போட்டு நெம்புவார்கள், விளிம்பு உடையும், திரும்பி இருக்காது, ஆட்டம் போடும். அடுத்த மழைக்கு முன் அதை ஒருவரும் திறக்கமாட்டார்கள். கான் அடைபடும், வீதியில் வெள்ளம் நிற்கும், கடைசியில் மூடியை எடுத்து ஓரமாகச் சாத்திவிட்டுப் போவார்கள். நடைபாதை அன்றோடு முடிந்தது. காரணம் கொங்கிரீட்டின் தரமில்லை, நிறை.

600 மி.மீ. கானுக்கு இருபக்கமும் 75 மி.மீ. தாங்கல் விட்டு 750 × 300 × 75 மூடி போட்டால் 40 கிலோதான். இரண்டு பேர் கொக்கி போட்டுத் தூக்கலாம். கம்பி வளையம் வெளியில் நிற்கக்கூடாது, கால் தடுக்கும். 25 மி.மீ. குழாய்த் துண்டை வார்க்கும்போதே வைத்துத் துளையாக விடுங்கள். இரண்டு மூடிக்கிடையில் இடைவெளி 10 மி.மீ.க்கு மேல் போனால் ஊன்றுகோல் இறங்கும்.

தடையில்லாத அகலம் 1.8 மீற்றர் வேண்டும், இரண்டு சக்கரநாற்காலி விலத்திப்போகும் அளவு அது. கான் மூடி மட்டும் 750 மி.மீ. என்பதால் மிச்ச ஒரு மீற்றர் வீதி ஓரத்திலிருந்து வரவேண்டும். கல்லு பதித்த விளிம்பு 150 மி.மீ.க்கு மேல் உயரக்கூடாது.

ஒழுங்கைவாசி | பெப்ரவரி 5, மாலை 7.05

அந்த ஒரு மீற்றர் வீதியிலயிருந்து வந்தால் வாகனம் நிப்பாட்டிற இடம் போகும். கடைக்காரர் சண்டைக்கு வருவினம். அதுக்கு என்ன பதில்?

மட்டக்கோல் | பெப்ரவரி 5, இரவு 10.15

எண்ணிக்காட்டுவதுதான் பதில். வீதியோரமாக ஒரு கார் நிற்க 5.5 மீற்றர் நீளம் வேண்டும். அதே நீளத்தில் மோட்டார் சைக்கிள் 0.9 மீற்றருக்கு ஒன்றாக ஆறு நிற்கும், சைக்கிள் 0.6 மீற்றருக்கு ஒன்றாக ஒன்பது. கஸ்தூரியார் வீதி போன்ற கடைத்தெருவில் அரை மணிக்கு ஒருமுறை நடந்து, நிற்கும் வாகனங்களின் இலக்கத்தின் கடைசி நாலு எண்ணை மட்டும் எழுதுங்கள், காலை 9 முதல் மாலை 5 வரை. ஒரே எண் ஆறு தடவை வந்தால் அது வாடிக்கையாளர் இல்லை, கடை முதலாளியோ வேலையாளோ. இந்த ஒரு தாளைப் பார்த்தபின் கடைக்காரரின் பேச்சு மாறும், ஏனென்றால் தன் வாசலை மறைத்து நிற்பது பக்கத்துக் கடைக்காரரின் வாகனம் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

லொறி இறக்குவதற்கு நேரம் ஒதுக்காமல் நிறுத்துமிடத்தைக் குறைத்தால் லொறி நடுவீதியில் நிற்கும். 8 மணிக்கு முன், பிறகு பள்ளிக்கூட நெரிசல் அடங்கியபின் 2.30 முதல் 4 வரை என்று இரண்டு வேளை போதும். கட்டணம் அறவிட நினைத்தால் முதலில் உப விதி: சபையில் நிறைவேறி, அமைச்சரின் அங்கீகாரம் பெற்று, வர்த்தமானியில் வரவேண்டும். பலகையை நட்டுவிட்டு உப விதியைப் பிறகு பார்ப்போம் என்றால் முதல் வழக்கிலேயே விழும்.

நேரசூசி | பெப்ரவரி 6, காலை 5.50

நடைபாதை பற்றியே பேசுகிறீர்கள். பஸ் ஒழுங்காக வராத ஊரில் மோட்டார் சைக்கிளை ஒருவரும் விடமாட்டார்கள். கணக்கு இலேசானது. ஒரு பாதையில் போய்வர 60 நிமிடம், இரு முனையிலும் தரிப்பு 5 நிமிடம் வீதம் 10. மொத்தம் 70. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டுமானால் 70 ÷ 10 = 7 பஸ். ஒன்று பழுதானால் ஈடுகொடுக்க எட்டாவது. எங்கள் பல பாதைகளில் ஏழு பஸ்ஸுக்கு மேலேயே அனுமதி உண்டு. இருந்தும் மூன்று ஒன்றாக வரும், பிறகு அரை மணி வெறுமை.

காரணம் வசூல். சாரதியினதும் நடத்துநரினதும் வருமானம் அன்றைய வசூலில் தொங்குகிறது. முன்னுக்குப் போகிற பஸ் ஆட்களை அள்ளும், பின்னுக்கு வருவது வெறும் கதிரையோடு வரும். ஆகவே முனையில் நிரம்பும்வரை நிற்பது, பிறகு வழியில் ஓட்டப் போட்டி. இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் இணைந்த நேரசூசியில் ஓடவேண்டும் என்று எத்தனை முறை ஒப்பமிட்டாலும், வசூலைத் தொடாமல் நேரத்தை மட்டும் தொட்டால் அது நிலைக்காது. ஒரு பாதையின் எல்லா உரிமையாளரும் வசூலை ஒரே பெட்டியில் போட்டு, ஓடிய கிலோமீற்றருக்குப் பங்கு பிரிக்கவேண்டும். எட்டுப் பத்து பஸ் உள்ள ஒரு பாதையில் மூன்று மாதம் செய்து பார்க்கலாம்.

மட்டக்கோல் | பெப்ரவரி 6, மதியம் 12.30

ஒப்புக்கொள்கிறேன். ஒன்று சேர்ப்பேன்: கடைசி பஸ். பின்னேரம் ரியூட்டறி முடிந்து வருகிற பிள்ளைக்கும், கடை பூட்டிவிட்டுப் போகிற பெண்ணுக்கும் திரும்பிப்போக பஸ் இல்லையென்றால், காலையிலும் அவர்கள் பஸ்ஸில் வரமாட்டார்கள். இரவு 8.30க்கு வெறுமையாக ஓடும் ஒரு பஸ்ஸை நட்டம் என்று நிறுத்தினால் காலைப் பயணிகளும் சேர்ந்து போவார்கள். கிலோமீற்றருக்குப் பங்கு என்றால் அந்த இரவு ஓட்டத்துக்கும் பணம் வரும். அதனால் உங்கள் பெட்டி முறைதான் முதலில்.

மட்டக்கோல் | பெப்ரவரி 8, காலை 6.45

5ஆம் திகதி எழுதிய மூடி அளவில் ஒரு திருத்தம். 75 மி.மீ. தடிப்பு நடக்கிறவர்களுக்குத்தான். படலை வாசல்களில் கார் ஏறும், தண்ணீர் பவுசர் ஏறும், லான்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) ஏறும். அங்கே 150 மி.மீ. தடிப்பு, கீழும் மேலும் கம்பி. ஒன்று 80 கிலோ வரும், ஆகவே வாசல் மூடிகளை நிரந்தரமாக வைத்து, இருபுறமும் துப்புரவுக்குத் திறக்கும் இலேசான மூடிகளை வைக்கவேண்டும்.

அதோடு வாசலுக்கு வாசல் நடைபாதையைச் சரித்து இறக்கும் பழக்கத்தை விடவேண்டும். பத்துப் பதினைந்து மீற்றருக்கு ஒரு படலை உள்ள வீதியில் நடைபாதை அலைபோல ஏறி இறங்கும். சக்கரநாற்காலி பக்கவாட்டில் வீதிக்குள் வழுக்கும். நடைபாதை மட்டமாகவே போகட்டும். விளிம்புக்கல் பக்கம் அரை மீற்றருக்குள் சரிவை முடியுங்கள், கார் சற்று மெதுவாக ஏறும். நடக்கிறவர் சந்தியில் வீதிக்கு இறங்கும் சரிவு மட்டும் 1:12க்கு மேல் செங்குத்தாகக்கூடாது.

ஒழுங்கைவாசி | பெப்ரவரி 8, இரவு 8.30

பெல்ஜியத்தில இருக்கிற கென்ற் நகரத்தைப் பற்றி வாசிச்சன். 2017 ஏப்ரலில நகர மையத்தை ஆறு துண்டாப் பிரிச்சு, ஒரு துண்டிலயிருந்து மற்றத் துண்டுக்குக் காரில நேராப் போக ஏலாமல் செய்திருக்கினம், சுற்றுவட்ட வீதிக்கு வந்துதான் போகவேணும். இங்க ஆர் கேப்பினம்?

மட்டக்கோல் | பெப்ரவரி 8, இரவு 11.20

நல்லூர்த் திருவிழாவுக்கு 25 நாள் கேட்கிறார்களே. கோயிலைச் சுற்றி வாகனம் இல்லை, வெளிவீதியில் மணல், பருத்தித்துறை வீதிப் போக்குவரத்து சுற்றிப்போகிறது, உள்ளே குடியிருப்பவருக்கு அனுமதி அட்டை, சுற்றுவட்டாரத்தில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் விட வாகனப் பாதுகாப்பு நிலையங்கள். கென்ற்காரர் ஆறு துண்டுக்குச் செய்ததும், அதற்கு முன் 1977இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் நாலு துண்டுக்குச் செய்ததும் அடிப்படையில் இதே வேலைதான். எங்களுக்கு இது ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. அளப்பதுதான் இல்லை.

கொடியேற்றத்துக்கு இரண்டு வாரம் முன், பத்தாம் திருவிழாவை ஒட்டி, தீர்த்தம் முடிந்து இரண்டு வாரத்தின் பின் என மூன்று தடவை, ஐந்து சந்திகளில் எண்ணினால், மூடிய வீதியின் வாகனம் எந்த வீதிக்குப் போனது, எவ்வளவு காணாமல் போனது என்று தெரியும்.

எண்ணும் முறை: செவ்வாய், புதன், வியாழன் மட்டும். வெள்ளிக்கிழமை கோயில் நாள், திங்கள் சந்தை நிலவரம் வேறு. காலை 6.30 முதல் 8.30, மதியம் 1 முதல் 2.30, மாலை 4.30 முதல் 6.30. 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம். வாகனத்தை எண்ணாமல் ஆட்களை எண்ணுங்கள். 50 பேர் உள்ள பஸ்ஸும் ஒருவர் உள்ள காரும் தாளில் ஒவ்வொரு கோடாக விழுந்தால், பச்சை விளக்கு எப்போதும் காருக்குத்தான் போகும். நடப்பவருக்குத் தனி ஆள் வேண்டும். ஒருவரே இரண்டையும் எண்ணினால் நடப்பவரை விட்டுவிடுவார்.

மட்டக்கோல் | பெப்ரவரி 10, காலை 5.40

நல்லூர் பற்றி இரண்டு நாள் யோசித்தபின் பாதியைத் திருப்பி எடுக்கிறேன். திருவிழா நேரத்துப் பயணம் வழமையான பயணம் இல்லை. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்திருப்பார்கள், மாலைப் பூசைக்கே கூட்டம் சேரும், அலுவலகம் போகிறவர் முன்னமே நேரத்தை மாற்றிக்கொள்வார். அந்த எண்ணிக்கையை வைத்து மாசி மாதத்துக்கு வீதி மூட முடியாது.

நல்லூரில் எடுக்கவேண்டியது வேறொன்று. திருவிழாவுக்கு முன் மாநகரசபை, பொலிஸ், வீதிக்காரர், மின்சாரம், சுகாதாரம், பஸ்காரர், ஆலயத் தரப்பு எல்லாம் ஒரே மேசையில் இருந்து, யார் எந்தத் தடையை எத்தனை மணிக்குப் போடுவது, யார் எடுப்பது என்று முடிவுசெய்கிறார்கள். நான் முதல் நாள் சொன்ன எட்டாவது படி அதுதான். வருடத்தில் 25 நாளுக்கு அது எங்களிடம் உண்டு, மிச்ச 340 நாளுக்கு இல்லை. அதே மேசையை மாதம் ஒருமுறை கூட்டினால், ஒரே நிகழ்ச்சிநிரலாக அந்த 100 மீற்றர்த் தாள்களைக் கொடுத்தால், தனியாக ஓர் அமைப்பு உருவாக்கத் தேவையில்லை.

மேசையில் நல்லூர் பிரதேச சபையும் இருக்கவேண்டும். பல்கலைக்கழகமும் திருநெல்வேலிச் சந்தையும் மாநகர எல்லைக்கு வெளியே. பண்ணைப் பாலத்தால் தீவகத்து ஆட்கள் வருகிறார்கள், கண்டி வீதியால் தென்மராட்சி ஆட்கள் வருகிறார்கள். ஐரோப்பிய வழிகாட்டி திட்டத்தின் எல்லையை ஆட்களின் நாளாந்தப் பயணம் தீர்மானிக்கவேண்டும் என்கிறது. மாநகரசபையின் எல்லைக்குள் மட்டும் போட்ட சைக்கிள் பாதை, பிள்ளை பாதி வழி வந்தபின் தொடங்கும்.

நேரசூசி | பெப்ரவரி 10, இரவு 9.00

சைக்கிள் பற்றி ஒன்று. 1990க்குப் பிந்திய எரிபொருள் தடைக்காலத்தில் குடாநாடு முழுவதும் சைக்கிளில் ஓடியது, 2022 தட்டுப்பாட்டிலும் சைக்கிள் திரும்பி வந்தது. பெற்றோல் கிடைத்ததும் போய்விட்டது. பாதை போட்டால் மட்டும் நிற்குமா?

மட்டக்கோல் | பெப்ரவரி 11, காலை 6.10

பிரதான வீதியில் கோடு கீறினால் நிற்காது. கோட்டுக்குள் வாகனம் நிற்கும். ஒருவழிப் பாதைக்கு 2 மீற்றர், கார்க்கதவு திறக்கும் பக்கம் இன்னும் அரை மீற்றர் வேண்டும். எங்கள் வீதிகளில் அவ்வளவு கிடைக்கும் துண்டுகள் குறைவு.

எங்களிடம் இருப்பது ஒழுங்கைகள், மதில்களுக்கு நடுவே போகும் ஒடுக்கமான சிறு தெருக்கள். பலாலி வீதிக்கும் காங்கேசன்துறை வீதிக்கும் இடையில் ஒழுங்கை ஒழுங்கையாகவே நீண்ட தூரம் போகலாம், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அது தெரியும். அங்கே தனிப்பாதை தேவையில்லை, மோட்டார் சைக்கிளின் வேகத்தை 30க்குக் கீழே கொண்டுவந்தால் போதும். ஒழுங்கை வாயின் வளைவை 9 மீற்றர் ஆரையிலிருந்து 4க்குக் குறைத்தால் திரும்பும் வாகனம் தானாக மெதுவாகும். தீயணைப்பு வாகனத்துக்கு ஒரு பக்க வாய் போதுமா என்று அந்தப் பகுதியினரிடம் கேட்டே செய்யவேண்டும்.

பெரிய ஆபத்து மதில் மூலை. இரண்டு மதில் செங்கோணத்தில் சந்திக்கும் இடத்தில் சைக்கிள்காரருக்கு மற்றப் பக்கம் தெரியாது. புதிய மதிலுக்கு அனுமதி கொடுக்கும்போது மூலையில் இரண்டு மீற்றரைச் சாய்வாக வெட்டச் சொல்லலாம், பழைய மதிலுக்கு மூலையிலிருந்து மூன்று மீற்றர் வரை உயரத்தை ஒரு மீற்றராகக் குறைத்து, மேலே கம்பிவலை அடித்துக் கொடுக்கலாம். வீட்டுக்காரருக்குக் காணி இழப்பில்லை, செலவை சபை ஏற்கவேண்டும். குவிவுக் கண்ணாடி மூன்றாவது தெரிவு, தூசி படிந்தால் பயனில்லை. பிறகு விளக்கு, நாய், குழி. இந்த மூன்றும் ஒழுங்கில்லாவிட்டால் பெண்பிள்ளைகள் பிரதான வீதிக்கே திரும்புவார்கள்.

ஒழுங்கைவாசி | பெப்ரவரி 11, இரவு 7.45

வெயிலை மறந்திட்டியள். மதில் நிழல் இருக்குதுதானே, அந்தப் பக்கமாப் போட்டால் சரி.

மட்டக்கோல் | பெப்ரவரி 12, காலை 6.00

மதில் நிழலை நம்பமுடியாது. பள்ளிக்கூடம் விடுவது 1.30க்கு. ஓகஸ்ட் கடைசியில் இங்கே சூரியன் உச்சிக்கு வரும் நேரம் 12.10 அளவில். 1.30க்கு அது உச்சியிலிருந்து இருபது பாகைகூடச் சரிந்திராது. இரண்டு மீற்றர் மதில் அப்போது சுமார் 70 சதம மீற்றர் நிழல்தான் தரும், அதுவும் வடக்குத் தெற்கு வீதியில் மேற்கு மதிலடியில் மட்டும். ஒருவர் ஒட்டிக்கொண்டு நடக்கலாம், சைக்கிள் ஓடாது. மரம்தான் வழி. வேம்புக்கு 1.2 மீற்றர் சதுரக் குழி, கானிலிருந்து வேரைத் தடுக்க ஒரு பக்கம் தகடு. மின்கம்பி ஓடும் பக்கம் நட்டால் வருடா வருடம் தலையை வெட்டுவார்கள், எதிர்ப்பக்கம் நடுங்கள். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்றும் தாளில் எழுதவேண்டும்.

மட்டக்கோல் | பெப்ரவரி 14, இரவு 10.50

கடவை பற்றி ஒருவர் தனிமடலில் கேட்டார், எல்லோருக்கும் பயன்படும். பாதசாரிக் கடவை தேவையா என்று பார்க்க ஒரு பழைய சூத்திரம் உண்டு: மணிக்குக் கடக்கும் ஆட்களை, வாகன எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்குவது. நடுத்தடுப்பு இல்லாத வீதியில் பத்துக் கோடியைத் தாண்டினால் கடவை நியாயம். 150 பேர், 900 வாகனம் என்றால் 12 கோடி 15 இலட்சம், தாண்டுகிறது.

ஆனால் பயத்தால் ஆட்கள் கடக்காத இடத்தில் இந்தக் கணக்கு பொய் சொல்லும். பெரியாஸ்பத்திரி வாசலில் நோயாளி கடக்கப் பயந்து ஓட்டோ பிடித்தால் அவர் எண்ணிக்கையில் வரமாட்டார். அங்கே சூத்திரம் பார்க்காமல் போடவேண்டும். 10 மீற்றர் வீதியை வழமைக் கணக்கில் நொடிக்கு 1.2 மீற்றர் வேகத்தில் கடக்க எட்டு நொடிக்குச் சற்று மேல், வைத்தியசாலை அருகில் 0.9 என்று எடுத்தால் 11 நொடிக்கு மேல். விளக்கு வைத்தால் அந்தக் கூடுதல் நொடிகளைக் கட்டாயம் கொடுங்கள். உயர்த்திய கடவையானால் 75 மி.மீ. உயரம், இருபக்கச் சரிவு 1:15. விளிம்போரம் 250 மி.மீ. இடைவெளி விட்டு இரும்புச் சல்லடை போடுங்கள். எங்கள் ஊர்த் தரை சமதளம், அந்த இடைவெளி இல்லாவிட்டால் ஐப்பசியில் கடவையின் ஒரு பக்கம் குளமாகும்.

ஒழுங்கைவாசி | பெப்ரவரி 15, காலை 8.00

சரி, என்ர வாதத்தைக் கொஞ்சம் மாத்திறன். ஆனால் காசு?

மட்டக்கோல் | பெப்ரவரி 15, இரவு 9.35

சென்னை மாநகராட்சி 2014இல் தன் போக்குவரத்துச் செலவில் 60 சதவீதத்தை நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவது என்று கொள்கை எடுத்தது. அதிலிருந்து தியாகராய நகர் பாண்டி பஜார் நடைவீதி 2019இல் திறக்கப்படும்வரை ஐந்து வருடம். சபைகளின் ஆயுளே இங்கு நாலு வருடம். ஆகவே பெரிய வீதி ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காத்திருக்கக்கூடாது.

பஸ் ஸ்ராண்டிலிருந்து வைத்தியசாலை வாசல் வரை உள்ள துண்டு முதலில். தை, மாசியில் அளவும் எண்ணிக்கையும். பங்குனியில் தற்காலிகமாகத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்ரிக் தடுப்பு வைத்து அந்த ஒரு மீற்றரைப் பிரித்து நாலு வாரம் பாருங்கள். பஸ் திரும்பும்போது பின்பக்கம் தடுப்பில் முட்டும் இடம் முதல் வாரத்திலேயே தெரியும், கொங்கிரீட் போட்டபின் தெரிந்தால் உடைக்கவேண்டும். சித்திரையிலிருந்து ஆவணி வரை மூடியும் விளிம்பும்.

வீதியில் கீறும் கோடுகள் புரட்டாதிக்குள் முடியவேண்டும். உருக்கிப் பூசும் பிளாஸ்ரிக் வண்ணம் 180 முதல் 200 பாகை சூட்டில், 3 மி.மீ. தடிப்பில், மேலே இரவில் ஒளியைத் திருப்பும் கண்ணாடி மணி சதுர மீற்றருக்கு 300 கிராம் அளவில். புதுத்தார் என்றால் இரண்டு வாரம் விட்டுத்தான். அடிக்க முன் மண்ணைத் தும்புத்தடியால் கூட்டினால் போதாது, காற்றழுத்தத்தால் ஊதவேண்டும். மண் மேல் ஒட்டின கோடு முதல் மாரியிலேயே தகடாகக் கழன்று வரும்.